மனத்தில் நிற்கும் பனிக்கரடி யார்? ஐஸ் பேரா, இயோரெக்கா, நம்ம இனுக்காவா?

பொத்தோங்பாசிர்_பாலா | வெள்ளி, இரவு 9.10

பள்ளி விடுமுறை. வீட்டுத் தொலைக்காட்சியில் காலையிலிருந்து கரடிகள்தான். அதனால் இந்தத் திரி. கேள்வி எளிது: கார்ட்டூன், படம், நாவல், விளம்பரம், பொம்மை என்று எங்கே வந்திருந்தாலும் சரி, உங்கள் மனத்தில் நிற்கும் பனிக்கரடி யார்? ஒருவருக்கு ஒரு வாக்கு. காரணம் சொல்லாத வாக்கு செல்லாது.

என் வாக்கு 'வீ பேர் பேர்ஸ்' தொடரின் ஐஸ் பேருக்கு. டேனியல் சோங் உருவாக்கிய தொடர், 2015 முதல் 2019 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு குகையில் மூன்று கரடிகள். கிரிஸ்லி வாயாடி. பாண்டா எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கும். மூன்றாவது நம் ஆள். குளிர்பதனப் பெட்டிக்குள் தூங்கும். பிரமாதமாகச் சமைக்கும். கையில் கோடரி, காலில் சண்டைக்கலை. வாயைத் திறந்தால் நாலு சொல்தான், அதிலும் 'நான்' என்று சொல்லாது, தன் பெயரைச் சொல்லித்தான் பேசும். மற்ற இரண்டும் இழுத்துவிடும் வம்பையெல்லாம் சத்தமில்லாமல் தீர்த்துவைப்பது இதுதான். இப்படி ஒரு ஆள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவருக்கு யாரும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள்.

வடதுருவ_வள்ளி | இரவு 9.31

பாலா, உங்கள் ஐஸ் பேரிடமிருந்து வெள்ளை நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? அதிகம் பேசாத, சமையல் தெரிந்த ஒரு அறைத் தோழர். பழுப்பு வண்ணம் பூசியிருந்தாலும் அதே கதை அப்படியே ஓடும். பனிக்கரடி என்பதற்கு அங்கே இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் குளிர்பதனப் பெட்டி.

என் வாக்கு இயோரெக் பர்னிசனுக்கு. பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவல், 1995. 2007இல் படமாக வந்தபோது இயன் மெக்கெல்லன் குரல் கொடுத்தார். படத்தை விடுங்கள், நாவலுக்கு வாருங்கள். கவசம் தரித்த கரடிகளின் நாடு ஒன்று. இன்னொரு கரடியைக் கொன்றதற்காக அங்கிருந்து துரத்தப்பட்டவன் இயோரெக். லைரா என்ற சிறுமி அவனை முதலில் பார்ப்பது ஒரு துறைமுக ஊரில். மனிதர்களுக்கு இரும்பு வேலை செய்துகொடுத்துவிட்டு, கூலியாகச் சாராயம் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறான். ஊர்க்காரர்கள் முன்பு அவனுக்குப் போதை ஏற்றிவிட்டு, விண்கல் இரும்பில் அடித்த அவன் கவசத்தை ஒளித்துவிட்டார்கள். மனிதனுக்கு ஆன்மா எப்படியோ, கரடிக்குக் கவசம் அப்படி என்பது அவன் கட்சி. அதை இழந்த கரடி துறைமுகத்தில் கூலிக்கு நிற்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம், அரியணையில் இருக்கும் இயோஃபர். அவனுக்கு மனிதனாக வேண்டும். அரண்மனை, அலங்காரம், மடியில் ஒரு பொம்மை. கரடியை ஏமாற்ற முடியாது என்பது அந்த உலகத்தின் விதி. ஆனால் மனிதனாக ஆசைப்படும் கரடியை ஏமாற்றிவிடலாம். லைரா அவனைக் கவிழ்ப்பது அந்த ஓட்டை வழியாகத்தான்.

எனக்குத் தெரிந்த கார்ட்டூன் பனிக்கரடிகள் முக்கால்வாசி இயோஃபர் வகை. ஐஸ் பேர் உள்பட.

கோப்பி_சி_கோசோங் | இரவு 9.44

வள்ளி அக்கா, வெள்ளிக்கிழமை இரவில் ஆன்மா வரைக்கும் போகணுமா?

என் வாக்கு கோக்க கோலா கரடிகளுக்கு. சிரிக்காதீர்கள், நான் விளம்பரத் துறைக்காரன். பிரான்சில் 1922இல் வந்த அச்சு விளம்பரத்திலேயே அந்த நிறுவனத்துக்குப் பனிக்கரடி உண்டு. நமக்கெல்லாம் தெரிந்த கரடிகள் 1993இல் வந்தவை: வடக்கு வானத்து ஒளியைப் பார்த்தபடி கூட்டமாக உட்கார்ந்து பாட்டிலைத் திறக்கும். யோசனை கென் ஸ்டூவர்ட்டுடையது. அவர் வளர்த்த லாப்ரடார் குட்டி பார்ப்பதற்குப் பனிக்கரடி போலவே இருந்ததாம், அதிலிருந்து பிறந்தது. கணினியில் அவற்றுக்கு உயிர் கொடுத்தது ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டூடியோ. பின்னாளில் 'லைஃப் ஆஃப் பை' படத்தில் புதுச்சேரிப் பையனோடு படகில் வந்த புலியைச் செய்தவர்களும் இவர்கள்தான். 1993இல் ரோமத்தைக் கணினியில் அசையவைப்பது என்ன பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவரைக் கேளுங்கள். ஒரு வசனம் இல்லை. உறுமல், பெருமூச்சு, அப்புறம் மூடி திறக்கும் சத்தம். எந்த நாட்டிலும் மொழிமாற்றம் செய்யாமல் ஓடியது. பேசாமல் மனத்தில் நிற்பதுதான் அளவுகோல் என்றால் ஐஸ் பேருக்கு இவைதான் அண்ணன்.

வடதுருவ_வள்ளி | இரவு 9.58

லாப்ரடார் குட்டியிலிருந்து பிறந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாயைப் பார்த்து வரைந்தால் நாய்தான் வரும்.

காட்டில் ஆண் பனிக்கரடி குடும்பம் நடத்தாது. குட்டிகளைத் தாய் தனியாகத்தான் இரண்டரை ஆண்டு போல வளர்க்கும். பெரிய ஆண் கரடி பக்கத்தில் வந்தால் தாய் குட்டிகளோடு ஓடும், ஏனென்றால் அது குட்டியைக் கொன்றுவிடக்கூடும். உங்கள் விளம்பரத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பானம் குடிக்கிறார்கள். போதாததற்கு 2005 விளம்பரத்தில் பென்குயின்களோடு விருந்து. இது வடதுருவம், அது தென்பாதி உலகம். இயற்கையில் சந்திக்கவே சந்திக்காது.

கோப்பி_சி_கோசோங் | இரவு 10.02

அப்படிப் பார்த்தால் பாதி கார்ட்டூன் உலகத்தைத் தடை செய்யணும் அக்கா. 'சில்லி வில்லி' பென்குயினோடு மாக்ஸி என்ற பனிக்கரடி மல்லுக்கு நின்றது நாங்கள் பிறப்பதற்கு முன்பே. பூனை எலியோடு பியானோ வாசிக்கவில்லையா? அப்போது யாரும் விலங்கியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

ஈசூன்_ரவி | இரவு 10.15

விளம்பரக் கரடி என்றால் இதையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க் ரம்முக்குச் சின்னம் பனிக்கரடி. 1961இல் கொண்டுவந்தார்கள். பண்டபெர்க் இருப்பது குவீன்ஸ்லாந்தில், கரும்பு விளையும் வெயில் பூமி. தெற்கே குளிர்ப் பகுதிகளில் விற்க வேண்டும், இதைக் குடித்தால் எந்தக் குளிரும் நடுக்காது என்று சொல்ல வேண்டும், கூப்பிடு கரடியை. கோப்பி சொல்லும் 'உயிர்' எல்லாம் இவ்வளவுதான். சரக்கு விற்கிற வேலை.

என் வாக்கு 'லாஸ்ட்' தொடரில் வந்த கரடிக்கு. 2004, விமானம் விழுந்து ஆட்கள் வெப்பமண்டலத் தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஈரமான பச்சைக் காடு, அதற்குள்ளிருந்து பனிக்கரடி பாய்ந்து வருகிறது! சிவபூஜையில் கரடி என்பார்களே, அதைவிடப் பொருத்தமாக எங்கும் நுழைந்ததில்லை. அதற்குப் பெயர் இல்லை, முகபாவம் இல்லை, நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது அங்கே எப்படி வந்தது என்ற ஒரே கேள்வி பார்த்தவர்களை எவ்வளவு காலம் கட்டிப்போட்டது! பிறகு ஒரு ஆராய்ச்சிக் கும்பல் கொண்டுவந்து கூண்டில் வைத்திருந்தது என்று காரணம் சொன்னார்கள். காரணம் தெரிந்ததும் பாதி சுவை போய்விட்டது, அது வேறு விஷயம்.

சுமிக்கோ_சுதா | இரவு 10.20

யாரும் ஷிரோகுமாவைச் சொல்லவில்லை! 'சுமிக்கோ குராஷி', ஜப்பானின் சான்எக்ஸ் நிறுவனம், 2012. மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன உருவங்கள். இங்கே சிங்கப்பூரில் பாதிப் பெண்களின் பள்ளிப்பையில் தொங்குவது அதுதான். ஷிரோகுமா குளிர் தாங்காமல் வடக்கிலிருந்து ஓடிவந்த பனிக்கரடி. கூச்ச சுபாவம். மூட்டை ஒன்றைக் கூடவே வைத்திருக்கும், சூடாகத் தேநீர் இருந்தால் போதும்.

வள்ளி அக்கா திட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இது கரடி மாதிரி நடந்துகொள்ளாதுதான். அதுதான் எனக்குப் பிடிக்கும். பிறந்த இடத்துக்கு ஒத்துப்போகாத ஒருவர் வேறு இடத்துக்குப் போய் மூலையில் இடம்பிடித்து உட்காருகிறார். இது சின்னக் கதையா? நாம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் புரியவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

பொத்தோங்பாசிர்_பாலா | இரவு 10.37

சுதா சொல்வதுதான் ஐஸ் பேருக்கும் பொருந்தும். குட்டியாக இருக்கும்போது அது வடக்கே பனியில் தனியாக நிற்கிறது. யூரி என்ற ரஷ்யக் கிழவர்தான் தன் குடிசையில் எடுத்து வளர்க்கிறார். முதலில் விரட்டிப் பார்ப்பார், அப்புறம் பிள்ளையாகவே ஆகிவிடும். கோடரி அங்கே வந்ததுதான். பழுப்புக் கரடியை வைத்தும் இதே கதை ஓடும் என்ற வள்ளியின் வாதம் அங்கே நிற்காது. ஊரில் மூன்று கரடிகளும் கடைக்குப் போகின்றன, பேருந்தில் ஏறுகின்றன, சுற்றியிருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இந்த மூன்றிலும் சொந்த மண் ரொம்பத் தூரத்தில் இருப்பது ஐஸ் பேருக்கு. அதனால்தான் அது பேச்சைக் குறைத்துக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று வள்ளி, பேசுகிற கரடி, மனிதர்களோடு சேர்ந்து நிற்கிற கரடி என்றால் நமக்குப் புதிதா? ஜாம்பவான் இராமன் பக்கம் நின்றவர். கடலைத் தாண்டத் தயங்கிய அனுமனுக்கு அவன் பலத்தைச் சொல்லிக் கிளப்பிவிட்டவர். அவரைக் கரடியே இல்லை என்று யாரும் சொன்னதில்லையே.

வடதுருவ_வள்ளி | இரவு 10.49

ஜாம்பவான் என் கட்சி! பாகவதத்தில் கண்ணனோடு 28 நாள் மல்லுக்கு நின்றவர். குகை, மணி, மகள், சண்டை எல்லாம் அவருடைய சொந்த ராஜ்யத்தில் நடக்கிறது. ஆலோசனை சொல்வார், ஆனால் எப்போது வேண்டுமானாலும் உங்களை அறைந்துவிடுவார் என்ற பயம் கேட்பவருக்கு இருக்கும். இயோரெக்கிடமும் அந்தப் பயம் உண்டு. லைரா அவன் முதுகில் ஏறிப் போகும் பக்கங்களில்கூட அது குறையாது. பேசுவது எனக்குப் பிரச்சினை இல்லை. பயத்தை உருவிவிட்டுப் பஞ்சை அடைப்பதுதான் பிரச்சினை.

சுதா, திட்டமாட்டேன். ஷிரோகுமா பாவம். ஆனால் வடக்கில் குளிர் போதாமல் கரடிகள் திண்டாடும் காலத்தில், குளிர் தாங்காமல் ஓடிவந்த கரடியைப் பொம்மையாக விற்கிறார்கள். சீலைப் பிடிக்கக் கடல்மேல் பனி வேண்டும். பனி ஆண்டுக்கு ஆண்டு சீக்கிரம் உருகுகிறது, கரடி பட்டினி கிடக்கும் மாதங்கள் நீள்கின்றன. உலகத்தில் மிஞ்சியிருப்பது சுமார் 26,000 என்பது மதிப்பீடு. பையில் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

கோப்பி_சி_கோசோங் | இரவு 10.55

அதற்கும் என் கரடிகள் உதவின அக்கா. 2011இல் கோக்க கோலா தன் சிவப்பு டின்னையே வெள்ளையாக்கி, பனிக்கரடிப் பாதுகாப்புக்கு டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்போடு சேர்ந்து பணம் திரட்டியது. உங்கள் இயோரெக் எத்தனை டாலர் கொடுத்தான்?

ஈசூன்_ரவி | இரவு 10.57

அந்த வெள்ளை டின்னை டயட் கோக் என்று நினைத்து ஆட்கள் குழம்பி, கொஞ்ச நாளிலேயே சிவப்புக்குத் திரும்பியதையும் சொல்லிவிடு தம்பி.

மண்டாய்_மணி | இரவு 11.20

பிள்ளைகளா, இவ்வளவு நேரம் வாசித்தேன். நாவல், ஜப்பான், அமெரிக்கா என்று சுற்றுகிறீர்கள். சிங்கப்பூர்க்காரர்கள் பனிக்கரடித் திரி நடத்துகிறீர்கள், இனுக்கா பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

1990 டிசம்பர் 26, மண்டாயில் நம் விலங்குத் தோட்டம். வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. தாய் ஷீபா, தந்தை நானுக். பெயரைப் போட்டி வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிறந்தநாளுக்கு ஐஸ் கேக். பள்ளிச் சுற்றுலா என்றால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வரிசை. என் பிள்ளைகளும் அங்கே நின்றார்கள், அவர்கள் பிள்ளைகளும் நின்றார்கள்.

2004 நினைவிருக்கிறதா? இனுக்காவும் ஷீபாவும் பச்சையாகிவிட்டன! பனிக்கரடி முடி உண்மையில் வெள்ளை இல்லை. நிறமற்ற குழல், உள்ளே வெற்றிடம், அடியில் தோல் கறுப்பு. நம் ஊர் ஈரத்துக்கு அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வைத்தார்கள். பச்சைப் பனிக்கரடி! எந்தக் கார்ட்டூன்காரருக்கு இது தோன்றியது சொல்லுங்கள். ரவி, உங்கள் தொடரில் தீவுக்குள் பனிக்கரடி வந்தது 2004. நம் தீவில் அது ஏற்கெனவே 13 வயதைத் தாண்டி, பச்சை பிடித்து நின்றது.

2018 ஏப்ரல் 25 அன்று முதுமை நோய் முற்றி, வலியில்லாமல் விடைகொடுத்தார்கள். வயது 27. ஊரே துக்கம் கொண்டாடியது. என் வாக்கு இனுக்காவுக்கு.

வடதுருவ_வள்ளி | இரவு 11.34

மணி ஐயா, மன்னிக்க வேண்டும், இதை நான் ஏற்க மாட்டேன். கேள்வி கதாபாத்திரத்தைப் பற்றியது. இனுக்கா உயிர். பாசி பிடித்ததை நாம் நகைச்சுவைக் காட்சி போலச் சொல்லிக்கொள்கிறோம், அதன் தோலில் இருந்தது நாம் இல்லை. 2006இலேயே ஏக்கர்ஸ் என்ற விலங்குநல அமைப்பு, வெப்பமண்டலத்தில் பனிக்கரடிக்கு என்ன வேலை என்று கேட்டுப் பிரசாரம் செய்தது. தாய் இறந்தால் இனுக்காவைக் குளிர் நாட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. அடுத்த ஆண்டே இங்கேயே இருக்கட்டும் என்று மாறியது. குளிரூட்டிய புது இடம் திறந்தது 2013இல். இனுக்காவுக்கு அப்போது 22 வயது. ஷீபா அதைப் பார்க்கவே இல்லை, 2012இல் போய்விட்டது. இந்தப் பட்டியலில் இனுக்காவை ஐஸ் பேருக்குப் பக்கத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்டாய்_மணி | இரவு 11.52

வள்ளி அம்மா, விலங்குத் தோட்டத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. இனிமேல் பனிக்கரடி வளர்ப்பதில்லை என்று அவர்களே முடிவு செய்தார்கள், நல்ல முடிவு.

ஆனால் அது கதாபாத்திரம் இல்லை என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வேறுபடுகிறேன். பெயர் வைத்தது யார்? பிறந்தநாள் கொண்டாடியது யார்? சிரிக்கிறது, கோபித்துக்கொள்கிறது, நம்ம ஊர்ப் பிள்ளை என்று எழுதியது யார்? எல்லாம் நாம். கரடி தன்பாட்டுக்கு நீந்தியது, தின்றது, படுத்தது. பெர்லினில் கனுட் என்று ஒரு குட்டி, 2006இல் பிறந்தது. தாய் ஒதுக்கிவிட, பராமரிப்பாளர் பாட்டில் பால் கொடுத்து வளர்த்தார். அதற்கும் இதே கதைதான்: பத்திரிகை அட்டை, பொம்மை, மிட்டாய். நாலு வயதில் நோயில் தண்ணீருக்குள் விழுந்து இறந்தது. உயிருள்ள கரடியைக் கதாபாத்திரம் ஆக்குவது நமக்குப் பழக்கம். அதனால் பட்டியலில் இனுக்கா இருந்தே ஆகவேண்டும். விட்டுவிட்டால் நாம் செய்ததை மறைத்த மாதிரி.

இன்னொன்று. கவசம் பறிபோய், துறைமுகத்தில், மனிதர்கள் நடுவில், கொடுத்ததைத் தின்றுகொண்டு நிற்கும் கரடி என்று நீங்களே எழுதினீர்களே. அதை வாசித்தபோது எனக்கு இனுக்காதான் தெரிந்தது.

வடதுருவ_வள்ளி | நள்ளிரவு 12.06

இயோரெக்குக்குக் கவசம் திரும்பக் கிடைத்தது ஐயா. லைரா அது இருக்கும் இடத்தைச் சொன்னாள், அவன் போய்ச் சுவரை உடைத்து எடுத்துக்கொண்டான். அப்புறம் நாட்டையும் எடுத்துக்கொண்டான். அந்த ஒரு திருப்பத்துக்காகத்தான் நான் அவனுக்கு வாக்களித்தேன். உங்கள் கதையில் அந்த அத்தியாயம் இல்லை.

சுமிக்கோ_சுதா | நள்ளிரவு 12.11

அத்தியாயம் இல்லாத கதைக்கு வாக்களிக்கக் கூடாதா அக்கா? வென்றவர்களைத்தான் நினைவில் வைக்கணும் என்று பாலா அண்ணன் விதி போடவில்லை. நான் தொடக்கப்பள்ளியில் இனுக்காவுக்கு அட்டை வரைந்து கொடுத்தேன். கிரீடம் வைத்து, சிவப்புத் துண்டு போட்டு. இப்போது யோசித்தால் மணி ஐயா சொல்வது புரிகிறது, நான் வரைந்தது கரடியை இல்லை. இருந்தாலும் என் வாக்கு ஷிரோகுமாவுக்கே. அதை யாரும் கூண்டில் வைத்துப் பார்க்கவில்லை, தானாக ஓடிவந்தது.

பொத்தோங்பாசிர்_பாலா | நள்ளிரவு 12.18

விதி: இனுக்கா செல்லும். ஊரே சேர்ந்து எழுதிய கதாபாத்திரம் என்ற கணக்கில் சேர்க்கிறேன். வள்ளியின் ஆட்சேபம் பதிவாகிவிட்டது. கோப்பியின் விளம்பரக் கரடியும் செல்லும், ஆனால் நிறுவனப் பெயரை மூன்று முறைக்கு மேல் சொன்னால் கட்டணம் கேட்பேன்.

கோப்பி_சி_கோசோங் | நள்ளிரவு 12.20

கட்டணத்தைக் கரடிப் பாதுகாப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

தெம்பனிஸ்_தர்மா | நள்ளிரவு 12.41

இப்போதுதான் உள்ளே வந்தேன், முழுவதும் வாசிக்கவில்லை. பெப்போவை ஏன் யாரும் சொல்லவில்லை? 'ஒன் பீஸ்', ஜப்பானியக் கடற்கொள்ளையர் கதை! டிராஃபல்கர் லா என்ற கொள்ளையனின் கப்பலில் வழிகாட்டி. ஆரஞ்சு நிற உடுப்பு, குங்ஃபூ, யாராவது கொஞ்சம் அதட்டினால் உடனே மன்னிப்புக் கேட்டுத் தலையைத் தொங்கப்போடும். கடல் வரைபடம் வாசிக்கத் தெரிந்த ஒரே பனிக்கரடி. என் வாக்கு அதற்குத்தான், காரணமும் சொல்லிவிட்டேன்.

வடதுருவ_வள்ளி | நள்ளிரவு 12.43

அதட்டினால் மன்னிப்புக் கேட்கும் பனிக்கரடியா? பாலா, திரியைப் பூட்டுங்கள்.